கத்தி வாங்கும் முன் ஸ்கேல் எடுங்க

போன வாரம் பையன் லேப்டாப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தான். "அப்பா, நாக் டிப்பா ட்ரெக்குக்கு இது வேணும்." பார்த்தால் கறுப்புக் கலரில் ஒரு கத்தி. பட்டனைத் தட்டினால் பட்டென்று விரியுமாம். முதுகில் ரம்பப் பல், கைப்பிடியில் மண்டையோடு. வெள்ளரிக்காய் நறுக்க மண்டையோடு எதுக்குடா என்றேன். "அவனுக்கு ஆசை காட்டினது யாரு?" என்று தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டினது நான்தான் :-)

கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்திக்கறேன். டெல்லிக்கு வந்த புதுசில் சாவிக்கொத்தில் தொங்கும் பேனாக்கத்தியோடு மலையேறப் போனேன். நைலான் கயிற்றில் முடிச்சு இறுகிவிட்டது. கத்தி முனையால் நெம்பினேன். படக்கென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. டாக்டர் இருக்கும் ஊருக்கு நாலு மணி நேர நடை, அப்புறம் மூணு தையல். லாக் இல்லாத மடக்குக் கத்தியால் நறுக்கலாம். குத்தவோ நெம்பவோ கூடாது. நம்ம வீடுகளில் இருக்கிற சிவப்பு சுவிஸ் கத்திகளில் நிறைய மாடல்களுக்கும் இதே கதைதான். ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும், லாக் கிடையாது.

ஆக, மலைக்கு என்றால் லாக் வேணும். அதில் என் கட்சி இதுதான்: லாக் விரலுக்காக, நீளம் வீம்புக்காக. முதலாவதற்குக் காசு கொடுங்க, இரண்டாவதற்குக் கொடுக்காதீங்க.

வீம்பு மட்டும் இல்லை, டெல்லிவாசிகளுக்கு வில்லங்கமும் அதில் இருக்கு. நாடு முழுவதற்குமான ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றி. வீட்டு உபயோகம், விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் 1980-ல் வந்த அறிவிக்கை அதைவிடக் கறார். பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி, திறக்கும்போது கடகடவென்று பல்சக்கரம் பேசும் கராரிதார் கத்தி, இன்னும் ஏதாவது மெக்கானிசத்தால் திறக்கிற அல்லது மூடுகிற கத்தி எல்லாம் அதில் வரும். அளவு: 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம், அல்லது அதற்கு மேல். அதாவது வெறும் மூணு அங்குலம்! விற்க வைத்திருந்தால்தான் குற்றமா, பையில் சும்மா கிடந்தாலுமா என்று கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் ட்ரெக் போகிற பிள்ளைக்கு கோர்ட் வாசல் எதுக்கு?

இந்தப் பயத்துக்கு மூலகர்த்தா ராம்பூரி. நைனிடால் போகிற வழியில் ராம்பூர் வருமே, அந்த ஊர்ச் சரக்கு. பழைய ஹிந்திப் பட வில்லன்கள் கையில் பார்த்திருப்பீங்க. 2023-ல் அந்த ஊரில் 20 அடிக்கு ஒரு கத்தியையே சிலையாக நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு அது பெருமை. நம்ம பையில் அதன் தம்பி இருந்தால் போலீஸ்காரருக்கு அந்த வில்லன்தான் ஞாபகம் வருவான்.

சரி, எதை வாங்கலாம்? லைனர் லாக் என்று ஒன்று. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பிளேடின் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். வாங்கும்போது தகடு நன்றாக உள்ளே வந்து உட்காருதா பாருங்க. ஓரத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் வேண்டாம். மூடும்போது கட்டைவிரல் பிளேடின் பாதையில் இருக்கும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. நம்ம பையன் இடக்கை.

எனக்குப் பிடித்தது பிரான்ஸின் ஓபினெல். 1890-ல் சவோய் மலைப்பக்கம் ஜோசப் ஓபினெல் ஆரம்பித்தது. மரக் கைப்பிடி, 1955-லிருந்து கழுத்தில் ஒரு வளையம். திருப்பினால் லாக். எந்தக் கைக்கும் சரி, விரலும் பிளேடின் வழியில் வராது. எல்லோரும் வாங்குவது 8-ஆம் நம்பர். பிளேடு 8.5 செ.மீ., மேலே சொன்ன அளவைத் தாண்டிவிடும். 6-ஆம் நம்பரில் சுமார் 7 செ.மீ.தான். கயிறு, ஆப்பிள், பிளாஸ்திரி, மேகி பாக்கெட் எல்லாத்துக்கும் அது போதும். ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்க. கார்பன் ஸ்டீல் சாணை சுலபமாகப் பிடிக்கும், ஆனால் எலுமிச்சை பட்டாலே கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும். ஒரு குறையும் உண்டு: மழையில் நனைந்தால் மரம் ஊறி, பிளேடைத் திறக்கவே முடியாது. உலர்த்தித்தான் வைக்கணும்.

எந்த லாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க. மண் புகுந்தால் எதுவும் வழுக்கும். லாக் என்பது சீட் பெல்ட் மாதிரி. இருக்கு என்பதற்காக யாரும் வண்டியைச் சுவரில் மோதுவதில்லை.

பையனிடம் எல்லாத்தையும் சொன்னேன். மண்டையோடு இல்லையே என்று முகம் சுருங்கியது. 6-ஆம் நம்பர் ஆர்டர் போட்டாச்சு. ஒரே நிபந்தனை: ட்ரெக்குக்கு முன்னால் ஒரு வாரம் வீட்டுக் காய்கறி முழுக்க அவன் அதில்தான் நறுக்கணும். தங்கமணி இதுக்கு மட்டும் உடனே சம்மதம் :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, விரல் வெட்டுப்பட்டவன். விமானத்தில் போனால் கத்தி செக்-இன் பெட்டியில்தான், கைப்பையில் இல்லை.