ஏணி ஏறும் உத்தியோகம்

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம் முடித்துவிட்டாளாம். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "தீ அலாரம் செக் பண்ணி, ரிப்பேர் பார்க்கிற வேலையாம். ஆஸ்பத்திரி, ஓட்டல், ஃப்ளாட் என்று ஊரெல்லாம் சுற்ற வேண்டுமாம். ஏணியில் வேறு ஏற வேண்டுமாம். அவளுக்கு ஆசையோ ஆசை. அவள் அப்பாவும் பாட்டியும் கூடவே கூடாது என்கிறார்கள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர் வேலை, நர்ஸ் வேலை, பாங்க் வேலை பற்றியெல்லாம் கேட்டு எழுதுவார்கள். இது புதுசு. நல்லவேளையாக, எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி இதே வேலையில் மூன்று வருஷமாக இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிடித்து உட்கார வைத்து, காப்பியைக் கொடுத்து, கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவள் சொன்னதையும் எனக்குத் தோன்றியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரிய கட்டடங்களில் கூரையில் வெள்ளையாக, ஒரு பெரிய இட்லியை ஒட்டிவைத்த மாதிரி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் புகையைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர். அதற்குள்ளே ஒரு சின்ன இருட்டறை. ஒரு பக்கம் குட்டி விளக்கு. அதன் வெளிச்சம் நேராக விழாத இன்னொரு மூலையில், வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண். சாதாரணமாக அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டை வழியாக வெயில் கோடாக இறங்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோடு நமக்குத் தெரிவதே அதில் மிதக்கிற தூசியால்தான். அதே சங்கதிதான் இங்கேயும். புகை உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது; கண் அதைப் பார்த்துவிடுகிறது; உடனே கீழே இருக்கிற பேனலுக்குச் செய்தி போகிறது. எந்த மாடி, எந்தப் பகுதி என்று அங்கே விளக்கு எரியும். ஹூட்டர் அலறும்.

இதெல்லாம் எதற்கு, புகை வந்தால் மூக்குக்குத் தெரியாதா என்று கேட்கலாம். விழித்திருந்தால் தெரியும். தூங்குகிறவர்களின் மூக்கை நம்ப முடியாது. தீ விபத்தில் நெருப்பு சுட்டு இறப்பவர்களைவிடப் புகையில் மூச்சுத் திணறிப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் காதைப் பிடித்து எழுப்ப ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த இட்லிக்குப் புத்தி கிடையாது. வீடு எரிகிற புகையும் அதற்கு ஒன்றுதான், சாம்பிராணிப் புகையும் ஒன்றுதான். தூசி அடைந்தாலும், உள்ளே ஒரு குட்டிச் சிலந்தி குடித்தனம் வைத்தாலும், குளியலறை வெந்நீர் ஆவி பட்டாலும் கத்திவிடும். சமையலறையில் மிளகாய் தாளித்தால் கேட்கவே வேண்டாம். அதற்காகத்தான் சமையல் செய்கிற இடத்தில் புகைக்குப் பதில் சூட்டைப் பார்த்துக் கத்துகிற வேறு ஜாதி டிடெக்டரை வைக்கிறார்கள். எங்கே எதை வைக்கவேண்டும், எப்படிப் பராமரிக்கவேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 2189 என்று இந்திய தர நிர்ணய அமைவனத்தின் விதிமுறையே இருக்கிறது. உங்கள் மகள் அதை வாங்கி இப்போதே படிக்க ஆரம்பிக்கட்டும்.

சரி, அந்தப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப் போகிறது?

காலையில் கட்டடத்துக்குப் போனதும் முதல் வேலை, ஆபீஸிலும் வாட்ச்மேனிடமும் "இன்னைக்கு டெஸ்ட் பண்றோம், சத்தம் கேட்டா பயப்படாதீங்க" என்று சொல்வது. ஆஸ்பத்திரி என்றால் ஒவ்வொரு வார்டு நர்ஸிடமும் போய்ச் சொல்லவேண்டும். பிறகு பேனல். அதில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவள் அப்படி நினைப்பதில்லை. கரண்டை நிறுத்திவிட்டுப் பாட்டரி தாங்குகிறதா என்று பார்க்கிறாள். பெரும்பாலான பேனலில் 12 வோல்ட் பாட்டரி இரண்டு இருக்கும். மூன்று நாலு வருஷத்தில் அதற்கு வயசாகிவிடும். தீப்பிடித்தால் முதலில் போவது கரண்ட்தானே? அந்த நேரத்தில் பாட்டரியும் கை விட்டால் பேனல் வெறும் அலமாரிதான்.

அடுத்தது ஒவ்வொரு டிடெக்டராகச் சோதிப்பது. நீளக் கழியின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒன்று. அதற்குள் புகை டப்பா. கழியை உயர்த்தி டிடெக்டரை மூடின மாதிரி பிடித்தால் கொஞ்சம் புகை உள்ளே போகும். கத்தினால் சரி. சில பழைய ஆட்கள் ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டிவிட்டுப் போவார்களாம். "அது செய்யக்கூடாது அத்தை. அதுல இருக்கிற பிசுக்கு உள்ள படிஞ்சிடும். அப்புறம் தூசியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, சும்மா சும்மா அடிக்கும்" என்கிறாள். கழி எட்டாத இடத்துக்கும், டிடெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும்தான் ஏணி.

ஏணியில் ஏறினால் என்னென்னவோ தெரியுமாம். புதுக் கட்டடத்தில் சிமெண்ட் தூசி படாமலிருக்க டிடெக்டருக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி போட்டு வைப்பார்கள். குடி வந்து வருஷக்கணக்கான பிறகும் அந்தத் தொப்பி அப்படியே இருக்கும்! பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பாண்ட் போட்டுவிட்டு, எடுக்காமலேயே போயிருப்பார்கள். கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரிதான் தோன்றும்.

இத்தனையும் முடிந்து, பேனலில் நிறுத்தி வைத்ததையெல்லாம் மறுபடி போட்டு, ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தில்தான் சிக்கலே இருக்கிறது, சகோதரி.

போன வருஷம் ஒரு நர்ஸிங் ஹோமில் டெஸ்ட் செய்திருக்கிறாள். பேனலில் விளக்கு எரிகிறது. ஹூட்டர் சத்தமே காணோம். தேடிப் பார்த்தால் மூன்று மாடியிலும் ஹூட்டர் ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு மானேஜர், "ராத்திரியெல்லாம் சும்மா அடிக்குதும்மா. பேஷண்ட்டெல்லாம் சத்தம் போடறாங்க. நாங்கதான் கழட்டச் சொன்னோம். நீ எல்லாம் ஓகேன்னு எழுதிட்டுப் போ" என்றாராம்.

"நீ என்ன செய்தே?" என்றேன்.

"ஏன் சும்மா அடிக்குதுன்னு பார்த்தேன் அத்தை. பாத்திரம், துணியெல்லாம் கொதிக்க வைக்கிற அறைக்கு வெளியிலேயே ஒரு டிடெக்டர். கதவு திறக்கும்போதெல்லாம் ஆவி நேரா அதுலதான் படுது. அதைத் தள்ளி மாட்டினேன். ஹூட்டரை மறுபடி இணைச்சேன். கழட்டி இருந்ததையும் ரெஜிஸ்டர்ல எழுதினேன். 'உங்க கம்பெனிக்கு போன் பண்றேன் பாரு'ன்னார். 'பண்ணுங்க சார்'னு சொல்லிட்டு வந்தேன்."

போன் வந்ததாம். அவள் சூபர்வைசர் நல்ல மனிதர், அவள் பக்கமே நின்றார். நிற்காத சூபர்வைசர்களும் உண்டு. அதையும் அவளே சொன்னாள்.

'புலி வருது, புலி வருது' கதை நமக்குத் தெரியாததா? சும்மா சும்மா கத்தினால் ஊரார் வரமாட்டார்கள். கடைசியில் ஒருநாள் புலியே வரும். கத்துகிறவன் வாயைக் கட்டிப்போடுவது இதற்குப் பரிகாரம் இல்லை. ஏன் கத்துகிறான் என்று பார்ப்பதுதான் பரிகாரம். இந்த வேலையின் சாரமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

வாயைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தாவில் நடந்ததைச் சொல்லவேண்டும். 2011 டிசம்பர் 9. விடிவதற்கு முன்பே ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் நிலவறையில் தீப்பிடித்தது. தீ மேல் மாடிகளுக்குப் போகவில்லை. புகை போயிற்று. ஏ.ஸி. குழாய் வழியாக வார்டு வார்டாக நுழைந்தது. எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் படுத்த படுக்கையிலேயே மூச்சு முட்டிப் போனார்கள். 90 பேருக்கு மேல். புகையைக் கண்டுபிடிக்கிற கருவிகள் அணைத்து வைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. கேரளத்திலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளம் நர்ஸ்கள், எட்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, இன்னொருவரைத் தூக்கிவரப் போன இடத்தில் இறந்துபோனதாகப் படித்து அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்களும் ஒரு தாய் தயங்கித் தயங்கி வெளியூருக்கு அனுப்பின பெண்கள்தானே?

உங்கள் மகள் பார்க்கப் போகிற வேலையில் கைதட்டல் கிடைக்காது. அவள் ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்லப் போகிறார்கள்?

இனி, அப்பாவும் பாட்டியும் சொல்கிற ஆட்சேபணைகள். ஏணியில் பெண் பிள்ளை ஏறுவதாவது என்கிறார்களாம். நம் ஊரில் சித்தாள் பெண்கள் தலையில் செங்கல்லை அடுக்கிக்கொண்டு சாரத்தில் ஏறியது இன்று நேற்றா? புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, மூங்கில் கழியில் கால் வைத்து மூன்றாவது மாடிக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து யாரும் 'கூடாது' என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கூலி குறைவாக இருந்தால் மட்டும் ஏறலாமோ?

அதற்காகக் கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆரம்பச் சம்பளம் பெரிசாக இல்லை என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டடம், பை கனக்கும், பாட்டரி மாற்றுகிற நாளில் இடுப்பு கழன்றுவிடும். பல கட்டடங்களில் வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கழிப்பறை காட்டமாட்டார்கள். அவள் தண்ணீர் குடிக்காமலே சமாளித்துக்கொண்டிருந்து, போன கோடையில் நீர்க்கடுப்பு வந்து படுத்துவிட்டாள். இதை அம்மாக்கள்தான் கண்டிக்க வேண்டும். வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் காலியாகித்தான் வீடு திரும்பவேண்டும்.

வளையல், மோதிரம், தொங்குகிற செயின் எல்லாம் வேலை நேரத்தில் வேண்டவே வேண்டாம். டிடெக்டருக்குப் போவது 24 வோல்ட்தான். ஆனால் பேனலுக்கு வருவது நம் வீட்டு 230 வோல்ட். கண்ணாடி வளையல்கூட ஏணியில் இடித்து உடைந்தால் கையைக் கிழிக்கும். பாண்ட்டும் ஷர்ட்டும், பின்னிக் கட்டின தலையும், வழுக்காத ஷூவும் போதும்.

சேருவதற்கு முன் கம்பெனியில் இதையெல்லாம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஏணியில் ஏறும்போது கீழே பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் உண்டா? உயரக் கூரைக்குப் பெல்ட் தருவார்களா? ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறது என்று கூப்பிட்டால் வண்டி அனுப்புவார்களா, தனியாகப் போகச் சொல்வார்களா? இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா? முக்கியமாக, பெண்கள் புகார் சொல்ல உள் குழு இருக்கிறதா? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் அது இருந்தாக வேண்டும் என்பது 2013ஆம் வருஷத்துச் சட்டம். வேலை நிமித்தமாகப் போகிற இடமும் அந்தச் சட்டப்படி வேலை செய்கிற இடம்தான். வெளிக் கட்டடத்தில் ஒருவன் வாலாட்டினாலும் அவள் புகார் கொடுக்கலாம். இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற கம்பெனி என்றால் தாராளமாக அனுப்புங்கள். மழுப்பினால் வேறு கம்பெனி பாருங்கள். வேலையைக் குறை சொல்லாதீர்கள். இன்னொன்றும் உண்டு. பெண்கள் ஹாஸ்டல், பிரசவ வார்டு போன்ற இடங்களில் பெண் டெக்னீஷியன் வந்தால் "அப்பாடா" என்று கதவைத் திறக்கிறார்களாம்.

ஃப்ளாட்டில் இருக்கிற மற்ற வாசகிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. டெஸ்ட் பண்ண வருகிறவர்களை "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சண்டை போட்ட பிறகு, அலாரம் ரெஜிஸ்டரை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசியாக எப்போது பார்த்தார்கள், பாட்டரி எப்போது மாற்றினார்கள் என்று அதில் இருக்கவேண்டும். நிஜமாகவே அலாரம் அடித்தால் பீரோவைத் திறந்துகொண்டு நிற்காமல், குழந்தைகளோடு படி வழியாக இறங்குங்கள். லிஃப்ட் கூடாது. கீழே வந்து 101 அல்லது 112க்கு போன் செய்யுங்கள்.

வீட்டில் கணபதி ஹோமம் வைத்திருக்கிறீர்களா? சாஸ்திரிகளுக்குச் சொல்கிற அன்றைக்கே அலாரம் பார்க்கிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் பகுதியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். ஹோமம் முடிந்து புகை அடங்கினதும், மறுபடி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் இலை போடச் சொல்லுங்கள்.