பட்டாம்பூச்சியை எண்ணினால் நகரத்தைப் பற்றி என்ன தெரியும்?

செப்டம்பர் வந்தால் டெல்லி, பெங்களூரு என நகரங்கள்தோறும் தன்னார்வலர்கள் பட்டாம்பூச்சி எண்ணக் கிளம்பிவிடுகிறார்கள். 2020 முதல் இது இந்தியாவின் 'பிக் பட்டர்ஃபிளை மந்த்'. எடுத்த போட்டோக்கள் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களுக்குப் போகும்.

ஏன் பட்டாம்பூச்சி?
தேன் குடிக்கப் பல பூக்கள் போதும். முட்டையிட மட்டும் குறிப்பிட்ட செடி வேணும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை. களைன்னு எருக்கை வெட்டினால் வெந்தய வரியனும் குறையும். புல்வெளியும் அலங்காரச் செடியும் பசுமையாத்தான் தெரியும். புழுவுக்குச் சாப்பாடு இருக்காது.

சிக்கல் எங்கே?
எல்லோரும் நல்ல பூங்காவுக்கே போனால் கணக்கு தப்பாகும். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், வருஷா வருஷம் நடக்கணும். எதுவும் கண்ணில் படாத நாளையும் பதிவு பண்ணணும். எதை இழந்தோம்னு சொல்றது அந்தப் பூஜ்யம்தான்.