தோட்டம் வளர்ப்போர் திருநாள்

உழவர்க்குத் திருநாள் உண்டு. தைத் திங்கள் முதல் நாளன்று புத்தரிசிப் பொங்கலிட்டுக் கதிரவனைப் போற்றுவதும், மறுநாள் ஏரிழுத்த மாட்டுக்கு நன்றி செலுத்துவதும் தமிழர் தொன்றுதொட்டுப் பேணிவரும் வழக்கம். கைத்தொழில் புரிவோர்க்கும் திருநாள் உண்டு. அன்று அவர்கள் தம் கருவிகளைத் துலக்கி வைத்து வழிபடுவர். கடலோடு உறவு பூண்ட தூத்துக்குடி மக்களுக்கு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் பனிமய அன்னையின் பெருவிழா உண்டு. ஆயின், நகரத்தில் வாழ்ந்துகொண்டே மாடியிலும் முற்றத்திலும் வேலியோரத்திலும் கீரையும் காயும் கனியும் வளர்ப்போர்க்கு நம் ஊர்களில் திருநாள் இல்லை. அவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓரிடத்தில் கூட வேண்டும். கூடி மகிழ வேண்டும். தாம் அறிந்ததைப் பிறர்க்கு உரைத்து, பிறர் அறிந்ததைத் தாம் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பது என் கருத்து.

"நகரத்தார் தோட்டம் போடுவதே ஒரு பொழுதுபோக்கு, அதற்கொரு விழாவும் வேண்டுமோ?" எனச் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் நம் நாட்டு வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. அந்நாளில் கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராசாசி, தில்லி மாளிகையைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார். மாளிகைத் தோட்டமும் மக்களின் உணவை நினைக்க வேண்டும் என்பதை அச்செயல் நாட்டுக்கு உணர்த்தியது. நம் காலத்திலும் தமிழ்நாட்டு அரசின் தோட்டக்கலைத் துறை, பைகளும் தென்னை நார்க்கழிவும் விதைகளும் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கி மக்களை ஊக்கி வந்துள்ளது. ஆதலால், நகரத் தோட்டம் வீண் பொழுதுபோக்கு அன்று. வீட்டுக்கும் நாட்டுக்கும் பயன் தரும் தொழில்.

எனினும், இத்தொழிலைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். மழைக்காலத்தில் நட்ட செடி காய்க்கக் கண்டு மகிழ்ந்தவர், பங்குனி வெயிலில் அது கருகக் கண்டு மனம் தளர்ந்து விடுகிறார். பைகள் மாடியின் ஒரு மூலையில் குவிக்கப்படுகின்றன. அவரிடம் ஆர்வம் இல்லையா? உண்டு. உழைப்பு இல்லையா? அதுவும் உண்டு. அதே துன்பத்தை எதிர்த்து வென்ற ஒருவர் அடுத்த தெருவிலேயே வாழ்கிறார் என்பதை அவர் அறியார். அவ்வறியாமையே அவருடைய குறை.

இதனை விளக்குதற்குத் தூத்துக்குடி மாநகரை ஒட்டி வடபால் அமைந்த மாப்பிள்ளையூரணியை எடுத்துக்கொள்வோம். அணித்தே கடல், அருகே உப்பளங்கள், இடையே நெருங்கிப் பெருகிவரும் வீடுகள். சிற்றூராக இருந்து, நகரத்தின் வளர்ச்சியால் தானும் நகரத் தன்மை எய்திய ஊர் அது. தூத்துக்குடிப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்துவிடும். எஞ்சிய காலம் வெயிலின் ஆட்சியே. மழை குறைந்து வெயில் மிகுந்த அவ்வியல்பு, அங்கு உப்பு விளைவதற்குப் பெருந்துணை புரிகிறது. ஆனால், உப்புக்கு நன்மை தருவது பயிருக்குத் துன்பம் தருகிறது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நாடறிந்த பழமொழி. ஆற்றுநீர் பாயும் நாட்டுக்கு அது பொருந்தும். மாப்பிள்ளையூரணியிலோ ஆடித் திங்கள் மழைத்திங்கள் அன்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைத்தொடரிலேயே பொழிந்துவிட்டு, இக்கரைக்கு வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. ஆதலால், மழையை நம்பி விதைப்போர் இப்பகுதியில் புரட்டாசியையும் ஐப்பசியையுமே எதிர்நோக்குகின்றனர். பழமொழி பொய்யன்று, அது பிறந்த நிலம் வேறு, இந்நிலம் வேறு.

நீரின் இயல்பும் அத்தகையதே. கடலுக்கும் உப்பளத்துக்கும் அணித்தான இடங்களில் நிலத்தடி நீர் உவர்த்தல் இயல்பு. அந்நீரை வெயில் நாளில் சிறிது சிறிதாகத் தெளித்து வந்தால், நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். பீன்ஸ் அவ்வுப்பைச் சிறிதும் பொறாது. கொத்தவரையும் பீட்ரூட்டும் ஓரளவு பொறுக்கும். பருப்புக்கீரையோ அதனைப் பொருட்படுத்தாமல் தழைக்கும். மண்ணுக்கு மாற்றாக இடும் தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருத்தல் கூடும். நன்னீரில் பலமுறை அலசிய பின்னரே அதனைப் பையில் இடுதல் வேண்டும். இவற்றை அறியாது, குளிர்ந்த மலைச்சாரலில் வாழ்வார் கூறும் முறையை அப்படியே கைக்கொண்டால், உழைப்பும் பொருளும் வீணாகும்.

"இக்காலத்தில் கைபேசியைத் திறந்தால் எல்லாச் செய்தியும் கிடைக்கின்றனவே, கூட்டம் எதற்கு?" என்று மாணவர் சிலர் வினவலாம். செய்தி கிடைப்பது உண்மையே. ஆனால், உலகுக்கெல்லாம் பொதுவாகக் கூறப்படும் செய்தி, நம் வீட்டு மாடியின் வெயிலையும் நம் தெருக் கிணற்றின் நீரையும் அறியாது. இலையைத் தடவிப் பார்த்தும், மண்ணை முகர்ந்து பார்த்தும், "இதற்கு நீர் மிகுந்துவிட்டது" என்று சொல்லக்கூடிய அண்டை வீட்டாரின் துணை திரையில் கிடைப்பதில்லை.

ஒருவர் பனையோலைத் தட்டி கட்டி வறண்ட காற்றைத் தடுத்துத் தக்காளியைக் காக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றொருவர் மீன்கழிவையும் வெல்லத்தையும் சம எடையாகக் கலந்து மூடிவைத்து, மூன்று வாரம் சென்றபின் வடியும் மீன் அமிலத்தை மிகுதியான நீரில் சில துளிகளே கலந்து செடிக்குத் தெளிக்கிறார். மூன்றாமவராகிய ஒரு பெண்மணி, அரிசி கழைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் சிந்தாமல் சேர்த்து, நன்னீர்ப் பஞ்சம் தீர்க்கிறார். மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதிருந்தால், மூன்று வீடுகளில் மூன்று நுட்பங்கள் தனித்துக் கிடக்கும். ஒரு நாள் ஒரு மரநிழலில் அவர்கள் கூடினால், வீடு திரும்பும்போது ஒவ்வொருவரிடமும் மூன்று நுட்பங்கள் இருக்கும். பொன்னைப் பங்கிட்டால் குறையும். அறிவைப் பங்கிட்டால் பெருகும்.

ஊரணி என்னும் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஊரார் உண்ணும் நீரைத் தேக்கிவைத்த பொதுக்குளமே ஊரணி. அது ஒருவருக்கு உரியதன்று. வேண்டுவோர் யாவரும் முகந்துகொள்ளலாம். ஆயினும், காலந்தோறும் ஊரார் கூடித் தூர் எடுத்தால்தான் அதில் நீர் நிற்கும். தோட்டக்கலை அறிவும் அத்தகைய பொதுச் சொத்தாதல் வேண்டும். ஆண்டுதோறும் கூடும் திருநாளே அதற்குத் தூரெடுப்பு ஆகும்.

விதையின் பொருட்டும் இக்கூட்டம் இன்றியமையாதது. ஒரு குடும்பம் பல்லாண்டு பேணிவந்த கத்தரி விதை அவ்வீட்டுச் சிமிழில் மட்டும் இருக்குமாயின், அவ்வீட்டுக்கு நேரும் இடர் விதைக்கும் நேரும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை யார் மறப்பர்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்யும் மழையினும் மிகுதியாக ஒரே நாளில் பெய்தது! தூத்துக்குடி நகரத்தின் தெருக்களும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய பேரிடரில் ஒரு வீட்டு விதை அழியலாம். அதே விதை பத்து வீடுகளில் இருந்தால், ஏதேனும் ஒரு வீட்டில் அது பிழைக்கும். பிழைத்த விதை மீண்டும் பத்து வீடுகளுக்கும் வந்து சேரும். பூட்டிவைத்த விதையைவிடக் கொடுத்துவைத்த விதையே காவல் மிகுந்தது.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டில் செயலில் காட்டியவர், 2018ஆம் ஆண்டில் மறைந்த நெல் செயராமன் ஆவார். மறைந்து கொண்டிருந்த 170-க்கு மேற்பட்ட நெல் வகைகளை மீட்டவர் என்று அவரை உழவர் போற்றுகின்றனர். அவர் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவை நடத்தி வந்தார். அவ்விழாவுக்கு வரும் உழவர்க்கு 2 கிலோ விதைநெல் வழங்கப்படும். அவர் அதனை விளைவித்து, மறு ஆண்டு விழாவில் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். அவ்விதை மேலும் இருவரிடம் செல்லும். விலை இல்லை, வாக்குறுதி உண்டு. அவ்வழக்கத்தை நகரத் தோட்டக்காரரும் பின்பற்றலாகாதோ? ஒரு பிடி வெண்டை விதை பெற்றவர், மறு ஆண்டு இரு பிடி கொணர்ந்தால் போதும்; சில ஆண்டுகளில் அவ்விதை ஊரெங்கும் பரவிவிடும்.

நகரத்தார் இவ்வாறு கூடும் வழக்கம் நம் அண்டை மாநிலத்தில் முன்பே உண்டு. பெங்களூரில் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்னும் பெயரால் மாடித்தோட்டக்காரர்கள் 2011ஆம் ஆண்டு முதல் கூடி வந்துள்ளனர். ஊட்டா என்றால் உணவு. தோட்டா என்றால் தோட்டம். 'உன் உணவு உன் தோட்டத்திலிருந்து' என்பது அதன் பொருள். வேளாண் அறிஞர் பி. என். விசுவநாத் என்பார் அந்நகரில் மாடித்தோட்டக் கலையைப் பலர்க்குக் கற்பித்து, இவ்வியக்கத்துக்கு வழிகாட்டினார். அக்கூட்டங்களில் விதையும் நாற்றும் எருவும் கைமாறுகின்றன. வல்லுநர் உரை நிகழ்கிறது. புதியவர் ஐயம் தீர்கின்றனர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரிலும் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம், அடுக்குமாடி வீடுகளில் வாழும் பல இனத்தாரை ஒரே பாத்தியின் இருபுறமும் நிற்கச் செய்துள்ளது.

கூடி நிற்பதால் விளையும் மற்றொரு நன்மையை நியூயார்க் நகரத்தின் வரலாறு காட்டுகிறது. அங்கே 1973ஆம் ஆண்டில் லிஸ் கிறிஸ்டி என்னும் பெண்மணியும் அவர்தம் தோழரும் குப்பை மண்டிய ஒரு வெற்றிடத்தைத் திருத்தித் தோட்டமாக்கினர். அதனைக் கண்டு பல பகுதிகளிலும் பொதுத் தோட்டங்கள் எழுந்தன. 1999ஆம் ஆண்டில், நகர ஆட்சி அத்தகைய தோட்டங்களுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஏலத்தில் விற்க முனைந்தது. தோட்டக்காரர் ஒன்றுகூடி எதிர்த்துக் குரல் எழுப்பினர். முடிவில் இரண்டு அறநிலையங்கள் அந்நிலங்களை விலை கொடுத்து வாங்கி, தோட்டங்களாகவே நிலைபெறச் செய்தன. தனித்து நின்றவரின் குரல் எழுந்த இடத்திலேயே அடங்கியிருக்கும். கூடி நின்றமையால் அது ஊரெங்கும் கேட்டது.

இனி, நம் திருநாள் எவ்வாறு அமைதல் வேண்டும்? உதகையில் ஆண்டுதோறும் நிகழும் மலர்க்காட்சி கண்ணுக்கு விருந்தாவது; அதனைக் குறை கூறுவார் இலர். ஆனால், அது காண்பார்க்கு உரியது. நாம் விரும்பும் விழாவோ செய்வார்க்கு உரியது. பெரிய பூசணிக்கு முதற்பரிசு, நீண்ட புடலைக்கு இரண்டாம் பரிசு என்று வகுத்துவிட்டால், வென்றவர் தம் நுட்பத்தை மறைப்பர். தோற்றவர் மறு ஆண்டு வாரார். ஆதலால், பரிசைவிடப் பகிர்வுக்கே முதலிடம் தருதல் வேண்டும். செழித்த செடியைக் கொணர்வது போலவே வாடிய செடியையும் துணிந்து கொணர்தல் வேண்டும். நோயுற்ற இலையைக் காட்டி மருந்து கேட்பதில் நாணம் எதற்கு? அவ்விலை ஒன்று பலருடைய செடிகளைக் காக்கக்கூடும்.

மழை ஓய்ந்து, புரட்டாசியில் நட்டவை காய்த்து, விதை முற்றும் தை, மாசித் திங்கள்களே இவ்விழாவுக்கு ஏற்ற காலம். ஏற்ற இடம் பள்ளி வளாகம். அங்கு நிழல் உண்டு, நீர் உண்டு, சாதி, சமயம், செல்வம் என்னும் வேற்றுமையின்றி யாவரும் நுழையும் உரிமை உண்டு. துறைமுகத் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் மீனவரும் அலுவலரும் ஒரே பாயில் அமர்ந்து உரையாடலாம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் அறிஞரை அழைத்து ஐயம் தெளியலாம். அவரவர் தோட்டத்துக் காய்களைச் சேர்த்துச் சமைத்து யாவரும் உண்ணலாம். சொந்த மாடி இல்லாத வாடகைக் குடியினரை நாம் மறத்தல் ஆகாது. ஊர்ப் பொதுவிடத்தில் சில பாத்திகளை அவர்களுக்கு ஒதுக்கும்படி ஊராட்சியை அவ்விழாவிலேயே வேண்டலாம். மாடி உடையார்க்கு மட்டும் உரிய தோட்டம் ஊர்த் தோட்டம் ஆகாது.

மாணவர்களே, இப்பணியைத் தொடங்குதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. உங்கள் தெருவில் யார் யார் செடி வளர்க்கின்றனர் என்பதை முதலில் கேட்டறியுங்கள். எந்த விதை எவரிடம் உள்ளது, எந்த நீரில் எது வளர்ந்தது, எது வாடியது என்பவற்றை ஓர் ஏட்டில் குறியுங்கள். பாட்டிமார் சொல்லும் செய்திகளை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களோடு மறைந்துவிடக்கூடிய அறிவு அது. அவ்வேட்டை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, வரும் தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அவர்கள் அனைவரையும் உங்கள் பள்ளிக்கு அழையுங்கள். முதல் ஆண்டில் பத்துப் பேரே வரலாம். பத்துப் பேரும் இரு பிடி விதையோடு மறு ஆண்டு வருவார்களாயின், திருநாள் வேரூன்றிவிட்டது என்று அறியலாம்.