பிள்ளையின் கைக்கேற்ற பேனா

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பாட்டிமார் வழங்கிய பழமொழி. கையெழுத்துச் சீராக அமையாத பிள்ளை பேனாவின்மீது குறை கூறினால், பெற்றோரும் ஆசிரியரும் இப்பழமொழியைச் சொல்லி அதன் வாயை அடைத்துவிடுவது வழக்கம். ஆனால், சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. பேனாவைப் பாராமல் பிள்ளையைக் கடிந்துகொள்வது முறையன்று என்பது நம் கருத்து.

நம் தமிழ் எழுத்துகள் வளைவும் சுழியும் நிறைந்தவை. றன்னகரத்திற்கு இரண்டு சுழி. டண்ணகரத்திற்கு மூன்று சுழி. மை கசிந்து சுழிகள் அடைபட்டுப்போனால் 'மனம்' எது, 'மணம்' எது என்று யாரால் கூற முடியும்? மெய்யெழுத்தின் தலையில் வைத்த புள்ளி தாளில் விழாமற்போனால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். பிள்ளை சரியாக எழுதியும் பேனா பிழை செய்துவிடுகிறது. சொல்வதெழுதுதலில் மதிப்பெண்ணை இழப்பதோ பிள்ளைதான்.

இன்று நம் மாணவர் பெரிதும் பயன்படுத்துவது பந்துமுனைப் பேனா. ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ 1938ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1945இல் நியூயார்க் நகரில் இவ்வகைப் பேனா ஒன்று பன்னிரண்டரை டாலருக்கு விற்கப்பட்டது. 1950இல் பிரான்சு நாட்டின் பிக் நிறுவனம் மலிவான பேனாவை வெளியிட்டது. பிறகு விலை இறங்கி, ஏழை வீடுகளுக்கும் இது வந்து சேர்ந்தது.

இப்பேனாவின் முனையில் கடுகினும் சிறிய உருண்டை ஒன்று உண்டு. அது உருளும்போது உள்ளேயிருக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மை தாளில் படிகிறது. உருண்டையும் அது அமர்ந்திருக்கும் குழியும் செம்மையாகப் பொருந்தினால் கோடு சீராக விழும். பொருந்தாவிடில், மை திட்டுத்திட்டாகக் கொட்டும். அல்லது விட்டுவிட்டு எழுதும். எழுதாத பேனாவைப் பிள்ளை அழுத்துகிறது. அழுத்த அழுத்த விரல் வலிக்கிறது, தாள் கிழிகிறது, நாளடைவில் எழுதுவதே வெறுப்பாகிறது.

அவ்வாறாயின், விலையுயர்ந்த பேனாவே நல்ல பேனா என்று கூற வந்தோமா? இல்லை. பொம்மைத் தலையும் பளபளப்பும் உள்ள பேனாவிற்கு விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால் தலை கனத்தால் சிறுவனின் கை தடுமாறும். நல்ல பேனாவிற்கு நாம் சொல்லும் இலக்கணம் எளியது: அழுத்தாமலே எழுத வேண்டும், வியர்த்த விரலிலும் வழுக்கக் கூடாது, மை தாளின் மறுபுறம் ஊறக் கூடாது.

பேனாவின்மீது 0.5, 0.7, 1.0 என்று அச்சிட்டிருப்பது, பெரும்பாலும் முனையின் அளவை மில்லிமீட்டரில் குறிப்பதாகும். நெருங்கிய கோடுகளுள்ள பயிற்சிப் புத்தகத்தில் தமிழ் எழுத 0.7 பொருத்தமாக இருக்கும் என்பது நம் எண்ணம். மைப்பேனா மென்மையாக எழுதப் பழக்கும். எனினும் மெல்லிய தாளில் அதன் மை ஊறும். புத்தகப்பை மழையில் நனைந்தால் எழுத்துக் கரைந்து போகும். இடக்கையால் எழுதும் பிள்ளை எழுதிய இடத்தின்மேலேயே கையை நகர்த்துவதால், விரைவில் உலரும் மையே அதற்கு ஏற்றது. இளையோருக்கு வாங்கும் பேனாவின் மூடியில் துளை உள்ளதா என்றும் பாருங்கள். தவறி விழுங்கி மூடி தொண்டையில் சிக்கினாலும், மூச்சு ஓரளவு செல்ல அத்துளை வழிவிடும்.

பெற்றோர்களே! சம்பள நாளில் பட்டணத்துக் கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதன் பயிற்சிப் புத்தகத் தாள் ஒன்றை எடுத்துச் சென்று, கடைக்காரரின் இசைவுடன் 'ண, ழ, ஞ, இ' என்னும் எழுத்துகளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சுழி திறந்தும் புள்ளி தெளிந்தும் விழுகின்றனவா என்று கவனியுங்கள். மலிவு என்று கட்டாக வாங்கிப் பாதியை எறிவதைவிட, நன்றாக எழுதும் இரண்டை வாங்கி, மைக்குழாயை மட்டும் மாற்றிக்கொள்வது சிக்கனம்.

நம் நாட்டில் 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டதே, கைப்பேசியும் வந்துவிட்டதே, இனிக் கையெழுத்து எதற்கு என்று கேட்போர் உளர். தேர்வு நீங்கினாலும் வகுப்பில் எழுதும் பணி நீங்கவில்லை. எழுத்தின் வடிவைக் கை பழகினால் மனமும் அதைப் பற்றிக்கொள்ளும். மேலும், தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் முன்னோருள் பலர், சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தே கூலி பெற்றனர். தம் கணக்கில் எழுதியிருந்தது சரியா தவறா என்று படித்துப் பார்க்க அவர்களுக்கு இயலவில்லை. அந்த மையிட்ட பெருவிரலுக்குப் பதிலாக அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையில் பேனா வந்திருக்கிறது. அது எழுதாத பேனாவாக இருக்கலாமா?

ஆகவே, ஒவ்வொரு வகுப்பிலும் நல்ல பேனாக்கள் சில கொண்ட குவளை ஒன்றை வைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் முன்வர வேண்டுகிறோம். பேனா எழுதாத பிள்ளை அதிலிருந்து எடுத்து எழுதட்டும். மாலையில் திரும்ப வைக்கட்டும். பேனாவைச் சரிசெய்த பின்னும் எழுத்துக் கோணினால் கையைத் திருத்துவோம். முதலில் கூடத்தைச் செம்மைப்படுத்துவோம்!