வீதி சரக்கறையன்று

வீதி ஊருக்குப் பொது. அதில் நடக்கும் உரிமை இல்லாதவர் எவருமிலர். அதை மறித்துத் தமதாக்கிக்கொள்ளும் உரிமை உடையவரும் எவருமிலர். இந்த எளிய நீதி கொழும்புப் புறக்கோட்டையில் நாள்தோறும் மீறப்படுகிறது. மீறுவோர் கள்வருமல்லர், காடையருமல்லர். நாட்டுக்கு அரிசியும் பருப்பும் வெங்காயமும் துணியும் இரும்பும் வழங்கும் வணிகரே. கட்டடம் எழுப்ப அனுமதி வழங்கும்போது, “இக்கட்டடத்துக்கு வரும் சரக்கு எங்கே இறங்கும்?” என்ற வினாவுக்கு உறுதியான விடையைப் பெறாத நிருவாகமே அவர்களை இந்நிலைக்கு ஆளாக்கியது.

நான்காம் குறுக்குத் தெருவுக்கோ பழைய சோனகத் தெருவுக்கோ ஒருமுறை சென்று பாருங்கள். லொறி வீதியோரத்தில் நிற்கும். ஆனால் அங்கே ஓரம் என்பது பாதி வீதி. பின்கதவு திறந்ததும் மூடைகள் நாட்டாமைமாரின் முதுகில் ஏறும்; கைவண்டிகள் குறுக்கே திரும்பும். நடைபாதையில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு வரும் தாய் வேறு வழியின்றி வாகனங்களுக்கிடையில் இறங்கி நடப்பாள். இவ்வளவும் வணிகத்துக்கு இன்றியமையாதவை என்று நாம் பழகிப்போனோம். பழகிப்போனதனால் அநீதி நீதியாகிவிடாது.

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஒல்லாந்தர் காலத்து அமைப்பின் வழி வந்தவை. அவை கால்நடையாய் வந்தவருக்கும் மாட்டுவண்டிக்கும் போதுமாயிருந்தன. பின்னர் வீடு கடையாயிற்று. கடை மாடிக் கட்டடமாயிற்று. மாடிதோறும் பண்டகசாலை வந்தது. கட்டடம் வானை நோக்கி உயர்ந்தது, வீதியோ அகலவில்லை. இன்று துறைமுகத்திலிருந்து வரும் பெரிய கொள்கலன் ஒன்றின் நீளம் 40 அடி, அகலம் 8 அடி. இழுவை வண்டியையும் சேர்த்தால் நீளம் 50 அடியைத் தாண்டும். மாட்டுவண்டிக்கு வகுத்த தெருவில் இதை நிறுத்திச் சரக்கு இறக்குவதென்றால், அவ்வேளையில் அந்தத் தெரு தெருவாக இருப்பதில்லை.

சட்டமே இல்லையென்று எவரும் கூற முடியாது. 1915 ஆம் ஆண்டில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1978 ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிறைவேறிற்று. அதன்கீழ் 1986 ஆம் ஆண்டிலும் பின்னர் 2021 ஆம் ஆண்டிலும் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. கட்டடத்தின் பயனையும் தளப்பரப்பையும் கொண்டு வாகனத் தரிப்பிடம் கணக்கிடும் முறையை நாடு அறியும். ஆனால் காருக்கு இடமளித்துவிட்டால் சரக்குக்கும் இடமளித்தாயிற்று என்று எண்ணுவது பெரும் பிழை. காருக்கு வரைந்த கோட்டுக்குள் லொறி அடங்காது. அதற்கு நீளம் வேண்டும். தலைமுட்டாத உயரம் வேண்டும். வீதியில் பின்னோக்கி ஓடாமல் உள்ளே திரும்ப இடம் வேண்டும். அங்கிருந்து பண்டகசாலைக்கு நேர்வழி வேண்டும். இவை நான்கும் இல்லாத இடம் வரைபடத்தில் மட்டுமே ஏற்றி இறக்குமிடமாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஏற்றி இறக்குமிடம் என்று காட்டி அனுமதி பெற்றபின், அந்த இடத்துக்கு மெல்ல ஒரு கதவு போட்டு, பின்னர் பூட்டுப் போட்டு, ஈற்றில் வாடகைக்கு விட்டுவிட்டால் கேட்பவர் யார்? சதுர அடி ஒவ்வொன்றும் பொன்னாகும் புறக்கோட்டையில் இந்த ஆசை எவருக்கும் எழும். ஆசையை அறம் தடுக்காவிடில் சட்டம் தடுக்க வேண்டும்.

“ஒடுங்கிய முகப்புடைய கடையில் லொறிக்கு இடம் விட்டால் கடைக்கு என்ன மிஞ்சும்?” என்று சிறு வணிகர் கேட்பர். நியாயமான கேள்வி. சிறு கடைக்காரனை நசுக்கும் விதியை நாம் கேட்கவில்லை. நியூயோர்க் நகரத்தின் 1961 ஆம் ஆண்டு வலய விதிகள், கட்டடத்தின் பயனையும் பரப்பையும் பொறுத்து ஏற்றி இறக்குமிடங்களைக் கட்டாயமாக்கின. அவ்விதிகளே சிறு பரப்புள்ளவற்றுக்கு விலக்கும் அளித்தன. அடுத்தடுத்துள்ள கட்டடங்கள் கூட்டாக ஓர் இடத்தைப் பயன்படுத்தவும் வழிவிட்டன. பெரியவனுக்குக் கடமை, சிறியவனுக்குக் கூட்டு என்ற இந்த நெறி நமக்கும் பொருந்தும். பத்துக் கடைகள் தனித்தனியே செய்ய இயலாததைப் பத்தும் சேர்ந்த ஒரு முற்றம் செய்யும்.

“சந்தையையே வெளியே கொண்டுபோனால் தீராதா?” என்போரும் உளர். மெனிங் சந்தையின் மரக்கறி, பழ மொத்த வணிகம் 2020 ஆம் ஆண்டு பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. அதனால் புறக்கோட்டைக்கு லொறி வருவது நின்றுவிட்டதா? கடை உள்ளவரை சரக்கு வரும். சரக்கு வரும்வரை அதை இறக்க இடம் வேண்டும்.

இடமின்மையின் சுமை யார் முதுகில் விழுகிறது? லொறிச் சொந்தக்காரனின் முதுகிலன்று. மாடிச் சொந்தக்காரனின் முதுகிலுமன்று. லொறி நிற்கும் மூலையிலிருந்து கடைவாசல்வரை வெயிலிலும் மழையிலும் சுமந்து செல்லும் தொழிலாளியின் முதுகிலேயே விழுகிறது. வாகனங்களுக்கிடையில் வளைந்து நெளியும் ஒவ்வோர் அடியும் அவனுக்கு ஆபத்து. வடக்கிலிருந்து இரவெல்லாம் ஓட்டிவந்த சாரதி, நிறுத்த இடமின்றிச் சுற்றுகிறான். நிறுத்தினால் தண்டம் கட்டுகிறான். தீயின் ஆபத்தும் உண்டு. 2023 ஒக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருவின் துணிக்கடை ஒன்றில் மூண்ட தீயில் பலர் காயமுற்றனர். அன்று லொறிகள் வழிமறித்தன என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அடைபட்ட தெருவில் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்பதை அடுத்த தீ மூளுமுன் சிந்திப்பதே அறிவுடைமை.

ஆகவே, மாநகர சபையையும் நகர அபிவிருத்தி அதிகார சபையையும் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, பெரிய கடைத்தொகுதிக்கும் பண்டகசாலைக்கும் வீதிக்கு அப்பால், கட்டடத்தின் எல்லைக்குள் ஏற்றி இறக்குமிடம் இல்லையேல் அனுமதி இல்லை என்ற விதியை விலக்கின்றி நிறைவேற்றுக. இரண்டாவது, அனுமதி பெற்ற இடம் அதே பயனில் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சென்று பார்த்து, கடையாக மாறியதை மீட்டெடுக்குக. மூன்றாவது, பழைய தெருக்களில் பொதுக்காணிகளைத் தேர்ந்து கூட்டு முற்றங்களை அமைக்குக. அவற்றின் செலவில் பயன்பெறும் வணிகரும் பங்கு கொள்ளட்டும். நான்காவது, அவை அமையும்வரை சரக்கு இறக்கும் நேரங்களை வணிகரையும் சாரதிமாரையும் நாட்டாமைமாரையும் கலந்து வகுக்குக. நேரத்தைக் காகிதத்தில் எழுதுவோர் வேறு, அந்நேரத்தில் மூடை தூக்குவோர் வேறு என்பதை மறத்தலாகாது.

கட்டடம் கட்டுவோன் அதன் இலாபத்தைத் தானே அடைகிறான். அதன் நெரிசலை மட்டும் ஊரார் தலையில் கட்டுவது எந்த நியாயம்? தன் சரக்குக்குத் தன் எல்லைக்குள் இடம் காண்பதும் வணிகத்தின் செலவுகளில் ஒன்றே. அச்செலவை இனியும் நடந்து போகிறவரும் சுமை தூக்குகிறவரும் செலுத்த முடியாது.