குடிக்காத கணையம்

எங்கள் ஊர் வீரசோழனில் மைக் கட்டினால் போதும், அந்த வாக்கியம் வந்துவிடும். மதுவிலக்குக் கூட்டமோ மருத்துவ முகாமோ, பேசுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடிச்சவன் கணையம்தான் கல்லாகும்" என்பார். கூட்டம் கைதட்டும். பத்து வருடமாகக் கேட்கிறேன். ஒரு தடவை ஃப்ளெக்ஸ் பேனரிலேயே போட்டுவிட்டார்கள். பாட்டில் படத்துக்குப் பக்கத்தில் கணையம் என்று ஈரலை வரைந்திருந்தது. இவர்களுக்கும் கணையத்துக்கும் உள்ள பழக்கம் அதிலேயே தெரிந்துபோனது.

குடி கணையத்தைக் கெடுக்கும். ஒப்புக்கொண்டாயிற்று. என் சண்டை அந்த 'தான்' என்கிற ஒரு சொல்லோடு.

என் சித்தி மகளுக்குப் பதினொரு வயதில் வயிற்றுவலி ஆரம்பித்தது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும். வலி வந்தால் வீட்டில் அடுக்கியிருக்கும் மல்லி மூட்டை மேல் குப்புறக் கவிழ்ந்து, வயிற்றை அதில் அழுத்திக்கொண்டு கிடப்பாள். குனிந்தால்தான் கொஞ்சம் அடங்கும். முதலில் சூட்டு வலி என்றார்கள். பிறகு பூச்சி, அப்புறம் அல்சர். வயசுக்கு வந்ததும் அந்த வலி என்றார்கள். பத்தாம் வகுப்பில் பரீட்சை பயம். ஐந்து வருடம் இப்படியே போனது. குடிக்காத பிள்ளைக்கு எதற்குக் கணையத்தைப் பார்க்க வேண்டும்?

கடைசியில் மதுரையில் ஒருவர் சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொன்னார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது நானும் பார்த்தேன். முதுகெலும்புக்குக் குறுக்கே, மல்லி விதையும் புளியங்கொட்டையும் கலந்து சிந்தியது போல வெள்ளை வெள்ளையாகக் கற்கள். அங்கே இருந்த ஒருவர் சித்தியிடம் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல யாரும்மா குடிக்கிறது?"

"ஐயா, எம்புள்ள காப்பியே குடிக்காதுங்கய்யா."

சித்தப்பா வெற்றிலைகூடப் போடாதவர். ஆனாலும் அன்றைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மைக் பிடிப்பவர்களின் வாதத்தை, அதை வாதம் என்று சொல்லலாமென்றால், வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: கல் என்றால் குடி. வேடிக்கை என்னவென்றால், கணையத்தில் பெரிய கல் அதிகம் விளைவது குடிக்காதவர்களுக்குத்தான். குடியால் கெட்ட கணையத்தில் பெரும்பாலும் பொடிப்பொடியாக, சிறு குழாய்களில் சிதறிக் கிடக்கும். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்கிற நம்மூர் நோயில், பெருங்குழாயிலேயே முழுமுழுக் கற்களாக உட்கார்ந்திருக்கும். இந்தோனேஷியாவில் ஸூய்டெமா என்ற மருத்துவர் 1959-லேயே இதை எழுதினார். அடுத்து கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தார். சிறு வயதில் வயிற்றுவலி, பருவ வயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் மரணம் என்று அவர் கண்ட வரிசை மருத்துவப் பாடமாகவே ஆனது. அவர் பார்த்தது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை, சாராயக்கடை வாடிக்கையாளர்களை அல்ல. சென்னையில் வி. மோகன் போன்றவர்கள் இந்த நோயில் வரும் சர்க்கரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2008-இல் வி. பாலகிருஷ்ணன் குழு நாடு முழுவதும் 1,086 நாள்பட்ட கணைய நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், குடியால் வந்தது நூற்றுக்கு 39-ஐக்கூடத் தொடவில்லை. நூற்றுக்கு அறுபது பேருக்குக் காரணமே பிடிபடவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களை விட்டுவிட்டு 'தான்' போடுகிற துணிச்சல் மேடைக்குத்தான் வரும்.

இரண்டாவது வாதம்: அப்பன் தாத்தன் குடித்திருப்பான், பிள்ளைக்கு இறங்கியிருக்கும். இறங்குவது உண்மை, சரக்கு அல்ல. கணையம் சுரக்கும் ட்ரிப்சின் குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முன்னதாகவே தொடங்கினால் கணையத்தையே தின்னும். அப்படி நடக்காமல் பிடித்து நிறுத்த ஒரு காவல் புரதம் இருக்கிறது. அதை எழுதும் மரபணு ஸ்பிங்க்1. அதில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2000-க்குப் பிறகு ஆய்வுக்கு மேல் ஆய்வில் தெரியவந்தது. ஹைதராபாத்திலும் அதைக் கண்டார்கள். மாற்றம் இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் நோய் வந்தவர்களில் அது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குற்றவாளி தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான், மரபணுவை மேடையில் ஏற்றித் திட்ட முடியாது.

மூன்றாவது, குடியை விட்டால் கிழங்கு. மரவள்ளியில் உள்ள சயனைடு நஞ்சுதான் காரணம் என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். எங்கள் திருச்சுழி, நரிக்குடி மானாவாரிக் காட்டில் மிளகாயும் மல்லியும் கம்பும் குதிரைவாலியும்தான் கண்ணில் படும். எங்கள் வீட்டில் மரவள்ளி வெந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2000-இல் சென்னையில் எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை. அந்த எலிகள் குடிக்கவும் இல்லை என்று நினைக்கிறேன்.

சத்துக்குறைவுதான் காரணம் என்பவர்களுக்கு ஒரு வரி: 1985-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயில் வரும் சர்க்கரையைச் சத்துக்குறைவுச் சர்க்கரைப் பட்டியலில் சேர்த்தது, 1999-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. பிள்ளை மெலிந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் மெலிந்ததா என்று யோசித்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

இந்த முழக்கம் செய்கிற கெடுதல் அவமானத்தோடு நிற்பதில்லை. வைத்தியமே "குடியை நிறுத்து" என்று சுருங்கிவிடுகிறது. என் தங்கச்சி எதை நிறுத்துவாள்? அவளுக்கு வேண்டியது வேறு. சாப்பாட்டோடு சாப்பாடாக விழுங்க நொதி கேப்ஸ்யூல் வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வீண். அதைப் போடாத நாளில் கொழுப்பு செரிக்காது, மலத்தில் எண்ணெய் மிதக்கும். தண்ணீர்ப் பஞ்ச ஊரில் இரண்டு குடம் ஊற்றினாலும் போகாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டே அவள் எவ்வளவோ நாள் மறைத்திருக்கிறாள். சர்க்கரைக்கு இன்சுலின் வேண்டும். மற்ற இளவயதுச் சர்க்கரைபோல இது திடீரென்று மயங்கி விழவைப்பது அபூர்வம் என்பதால் அதுவும் தாமதமாகத்தான் பிடிபட்டது. கல் அடைத்துக்கொண்டு வலித்தால் அதிர்வலையால் உடைக்கலாம், எண்டோஸ்கோப்பியில் எடுக்கலாம், ஆகாவிட்டால் குழாயைத் திறந்து குடலோடு சேர்க்கும் அறுவை சிகிச்சை. அது சுண்ணாம்புக் கல். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வாழைத்தண்டுச் சாறு இங்கே எடுபடாது. அதையும் நாங்கள் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தோம் என்பது வேறு கதை.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளைக்கு மேல்வயிற்றில் திரும்பத் திரும்ப வலி வந்து, முதுகுக்குப் பரவி, குனிந்தால் குறைந்து, உடம்பும் மெலிந்தால், பூச்சி மாத்திரையோடு திரும்பி வராதீர்கள். ஒரு எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன், ஒரு சர்க்கரைப் பரிசோதனை கேளுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஸ்கேனை விடாதீர்கள்.

மைக் பிடிக்கும் அண்ணாச்சிகளுக்கு ஒன்று: உங்கள் கூட்டத்துக்கு நான் எதிரி இல்லை. 'தான்' இருக்கும் இடத்தில் ஒரு 'உம்' போடுங்கள். "குடிச்சவன் கணையமும் கல்லாகும்." சொல்லிப் பாருங்கள், ஓசை கெடாது.