ஃப்ரீ த்ரோவில் கை தட்டினால் என்ன தப்பு?

காலேஜில் பேஸ்கட்பால் ஆடுகிற எல்லோருக்கும் ஒருநாள் அந்த விபத்து நடக்கும். இன்டர்-டிபார்ட்மென்ட் மேட்ச். வர வேண்டிய ரெஃப்ரி வரவில்லை. பி.டி. சார் சுற்றும் முற்றும் பார்ப்பார். அவர் கண் உங்க மேல விழும். கழுத்தில் தொங்குகிற விசிலைக் கழற்றி உங்க கையில் திணித்து, "நீ நில்லுப்பா... ரூல்ஸெல்லாம் தெரியும்ல?" என்பார். தெரியாதுன்னு சொல்ல முடியுமா? மண்டையை ஆட்டுவீங்க. மாட்டினீங்க!

டிராவல், டபுள் டிரிபிள் எல்லாம்கூட சமாளிச்சிடலாம். ஆடிப் பழகின கண்ணுக்கு அது தானாகவே தெரியும். உங்களை நிஜமாவே வியர்க்க வைக்கப்போறது ஃப்ரீ த்ரோதான். 'என்னது, எல்லாரும் சும்மா நிக்கிற நேரமாச்சே, அதுல ரெஃப்ரிக்கு என்ன வேலை?' என்கிறீர்களா? எல்லாரும் சும்மா நிக்கணும் என்பதுதான் விதி. யாரும் சும்மா நிக்க மாட்டாங்க என்பதுதான் பிரச்னை.

யோசிச்சுப் பாருங்க. ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போர்டுக்கும் கோட்டுக்கும் இடையே 4.6 மீட்டர். நடுவில் மறிக்கிற கை ஒன்றுகூட இல்லை. பந்தைக் கையில் வாங்கியதும் 5 விநாடிக்குள் போட வேண்டும். எதிரணிக்காரர் ஷூட்டரைத் தொட முடியாது, பந்தைத் தட்ட முடியாது. அவருக்கு மிச்சம் இருப்பது ஷூட்டரின் மனசு மட்டும்தான். அதைத்தான் குறி வைப்பார். சரியாக பந்தைத் தூக்கும்போது ஒரு செருமல். ஒரு கைதட்டல். ஷூவை 'கீச்'சென்று தரையில் தேய்ப்பது. பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதுபோல, "இவன் போட மாட்டான்டா, ரீபவுண்டுக்கு ரெடியா இரு!" என்று ஊருக்கே கேட்கச் சொல்வது. நீங்களும் செய்திருப்பீர்கள்தானே? அதனால்தான் உங்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும்.

நம்ம ஊர் ஆட்டங்கள் ஃபிபா விதிப்படி நடக்கின்றன. ஃப்ரீ த்ரோ பற்றிய 43-வது விதி இந்த விஷயத்தில் ரொம்பச் சுருக்கம். எதிரணி ஆட்டக்காரர்கள் தங்கள் செய்கையால் ஷூட்டரின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது. அவ்வளவுதான். எது செய்கை, எது இல்லை என்று அங்கே விளக்கம் கிடையாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கொஞ்சம் கருணை காட்டுகிறது. ஷூட்டரின் பார்வையில் படுகிற இடத்தில் கையை ஆட்டுவது, திடீரென்று அசைவது, ஷூட்டரிடம் பேசுவது, இடைஞ்சலாகச் சத்தம் போட்டுப் பேசுவது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் உங்க தலையில்.

சரி, கண்டுபிடிச்சாச்சு, தண்டனை? இங்கேதான் சிக்கல். எதிரணி கவனத்தைக் கலைத்தும் பந்து ரிங்குக்குள் போய்விட்டால் பாயின்ட் உண்டு, நடந்த தப்பைக் கண்டுகொள்ள வேண்டாம். பந்து போகவில்லை என்றால், அதே ஷூட்டருக்குப் பதில் த்ரோ ஒன்று கொடுக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், இதுவே புது ரெஃப்ரியைக் குழியில் தள்ளும். ஏனென்றால், பந்து விழுந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பை யோசிக்கத் தோன்றும். 'அடடா, மிஸ் பண்ணிட்டானே, அப்போ அவன் கை தட்டினதுதான் காரணமா இருக்குமோ?' என்று மனசு பின்னோக்கிப் போகும்.

போகக் கூடாது. காரணம் சொல்றேன். என்.பி.ஏ.வில் ஆடுகிறவர்கள் இதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள். அவர்களே பல பத்தாண்டுகளாக 100 ஃப்ரீ த்ரோ போட்டால் சுமார் 75-ஐத்தான் உள்ளே போடுகிறார்கள். நாலில் ஒன்று வெளியே. யாரும் செருமாமல், யாரும் தட்டாமல், தானாகவே வெளியே! அப்படியிருக்க, நம்ம மெக்கானிக்கல் செகண்ட் இயர் பையன் மிஸ் பண்ணியதை வைத்து எதை நிரூபிக்க முடியும்? அதேபோல, பந்து உள்ளே போனதால் எதிராளி செய்தது சுத்தம் என்றும் ஆகாது. ஷூட்டர் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

ஆகவே, பந்து ஷூட்டரின் கையை விட்டு ரிங்கைத் தொடுவதற்குள் உங்க தீர்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு விநாடிதான் கிடைக்கும். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. எதிரணி தப்புச் செய்ததும் ரெஃப்ரி விசில் ஊத மாட்டார். முஷ்டியை மடக்கிக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார். பந்து விழுந்தால் கையை இறக்கிவிடுவார். விழாவிட்டால் விசில். அதாவது, 'நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்' என்று ஊரறியச் சொல்லிவிடுகிறார். நீங்க கையை நீட்ட வேண்டாம். மனசுக்குள் முஷ்டி மடக்கினால் போதும்.

எதைப் பார்த்து முடிவு செய்வது? சத்தத்தின் அளவைவிட, அது வந்த நேரம் முக்கியம். பந்தை நீங்க கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன பேசினாலும் இந்த விதியில் வராது. "நீ அவனைப் பிடி, நான் ஷூட்டரைப் பாத்துக்கறேன்" என்று கூட்டாளிக்குச் சொல்வது ஆட்டத்தின் ஒரு பகுதி. அதே வாக்கியத்தை ஷூட்டர் முழங்காலை மடக்கி எழும்புகிற அந்த நொடிக்காகக் காத்திருந்து கத்தினால்? வார்த்தை அதே வார்த்தைதான், ஆனால் அது இப்போது கூட்டாளிக்குச் சொன்னதில்லை. கையும் அப்படித்தான். ஆரம்பத்திலிருந்தே தலைக்கு மேல் கையைத் தூக்கியபடி ஆடாமல் நிற்கிற உயரமான பையனை நான் விட்டுவிடுவேன். பந்து மேலே எழும்பும்போது 'விசுக்'கென்று கையைத் தூக்குகிறவனை விட மாட்டேன். இருமல்? நிஜ இருமல் எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு த்ரோவுக்கும் கரெக்டாக ஒரே நேரத்தில் வருகிற இருமலுக்கு மருந்து டாக்டரிடம் இல்லை, உங்க விசிலில் இருக்கிறது.

சொந்த அணிக்காரன் கத்தி ஷூட்டரைக் குழப்பினால் இந்த விதி பேசாது. அது அவங்க குடும்பப் பிரச்னை. எதிரணி கோச் டைம்-அவுட் கேட்டு, ஷூட்டரைப் பெஞ்சில் உட்காரவைத்து வேகவைப்பதும் விதிக்கு உட்பட்டதே. பந்து இன்னும் ஷூட்டர் கைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு ரெஃப்ரி இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். போர்டுக்குக் கீழே நிற்கிறவர் பந்தைக் கொடுத்துவிட்டு எதிர் வரிசையில் ரீபவுண்டுக்கு நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டும். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராகத் தள்ளி நிற்கிறவர் 5 விநாடியைக் கையால் எண்ணிக்கொண்டே ஷூட்டரையும், பின்னால் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களையும் கவனிக்க வேண்டும். குறும்பு அதிகம் பின்னால்தான். ஷூட்டருக்கு அவர்கள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். உங்களில் ஒருத்தர்கூட பந்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத நேரம் இது. ஆனால் புது ரெஃப்ரி பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், கேலரியில் உட்கார்ந்தவர் மாதிரி.

இன்னொன்று. உங்க கையில் இருக்கிற பெரிய ஆயுதம் விசில் இல்லை, பந்து. ஒருத்தன் லேனுக்குள் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறான், இன்னொருத்தன் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் பந்தைக் கொடுக்காதீர்கள். கக்கத்தில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். "ரெண்டு த்ரோ. கையும் வாயும் அமைதியா இருக்கணும்" என்று ஒருமுறை சொல்லுங்கள். பாதித் தொல்லை அதிலேயே அடங்கிவிடும். சொல்லியும் கேட்காமல், முதல் த்ரோவில் பந்து உள்ளே போனதால் தப்பித்தவன் இரண்டாவதற்கும் தயாராகிறான் என்றால், அவனைக் கூப்பிட்டு எச்சரியுங்கள். அதற்கும் மேலே போனால் டெக்னிக்கல் ஃபவுல் இருக்கிறது. எதிராளியின் கண்ணுக்குப் பக்கத்தில் கையை ஆட்டி மறைத்தால் அது நேரடியாகவே டெக்னிக்கல்தான்.

சரி, கூட்டம்? இந்த விதி ஆட்டக்காரர்களுக்கு. பார்வையாளர் தொண்டைக்கு வயலேஷன் கிடையாது. அமெரிக்காவில் அரிஸோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி மாணவர்கள் 2013-லிருந்து பண்ணுகிற ரகளையைக் கேளுங்கள். போர்டுக்குப் பின்னால் கேலரியில் ஒரு கறுப்புத் திரை. எதிரணிக்காரர் ஃப்ரீ த்ரோவுக்குத் தயாரானதும் திரை விலகும். உள்ளே விதவிதமான வேஷத்தில் ஆட்டம் போடுவார்கள். 2016 ஜனவரியில் திரை விலகியபோது உள்ளே நின்றது நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ். நீச்சல் ஜட்டி, கழுத்து நிறைய ஒலிம்பிக் மெடல்! எதிரே நின்ற ஆரிகன் ஸ்டேட் ஆட்டக்காரர் இரண்டு த்ரோவையும் கோட்டை விட்டார். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ஊதவும் முடியாது.

2021 என்.பி.ஏ. பிளே-ஆஃபில் மில்வாக்கி அணியின் யானிஸ் அன்டெடொகும்போ த்ரோ போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அங்கே 10 விநாடி வரை அனுமதி. எதிரணி ஊர்க் கூட்டம் மொத்தமும் "ஒன்... டூ... த்ரீ..." என்று சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தது. அந்த பிளே-ஆஃப் முழுக்கக் கணக்குப் பார்த்தால் அவருடைய த்ரோக்களில் பத்துக்கு ஆறுகூட உள்ளே போகவில்லை. ஆனால் கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில், சொந்த ஊரில், 19-க்கு 17 போட்டார். ரெஃப்ரியாக நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கூட்டம் எண்ணுவது கூட்டத்தின் கடிகாரம். உங்க கை எண்ணுவதுதான் ஆட்டத்தின் கடிகாரம். அவங்க ஐந்து என்று கத்தும்போது உங்களுக்கு மூன்றுதான் ஆகியிருந்தால், மூன்றுதான்.

அதற்காக எதையும் செய்ய முடியாது என்றில்லை. ஆடுகளத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. நம்ம காலேஜ்களில் பசங்க ரிங்குக்குக் கீழே கோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களை எழுப்பிப் பின்னால் தள்ளுங்கள். ஷூட்டர் முகத்தில் லேசர் அடிக்கிறானா? ஆட்டத்தை நிறுத்துங்கள், பி.டி. சாரைக் கூப்பிடுங்கள். மைக்கில் கமென்ட்ரி சொல்கிற அண்ணன் ஷூட்டர் பெயரைச் சொல்லிக் கலாய்த்தால் அது கூட்டத்தின் குரல் அல்ல, நடத்துகிறவர்களின் குரல். அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்போ கஷ்டமான கேள்விக்கு வருவோம். ஆட்டம் முடிய 3 விநாடி. உங்க டிபார்ட்மென்ட் ஒரு பாயின்ட் முன்னிலை. எதிரணியில் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், முதல் த்ரோவை ஏற்கெனவே மிஸ் பண்ணியாச்சு. கை நடுங்குது. இரண்டாவதற்காகப் பந்தைத் தூக்குகிறான். 'டப்' என்று ஒரு கைதட்டல். தட்டியது யார்? உங்க கிளாஸ்மேட். உங்க ரூம்மேட்டாகவே வைத்துக்கொள்ளுங்களேன். பந்து ரிங்கில் பட்டு வெளியே வருகிறது. உங்க டிபார்ட்மென்டே குதிக்கிறது.

இந்த இடத்தில் விசில் வாய்க்குப் போக மறுக்கும். 'எப்படியும் மிஸ் பண்ணியிருப்பான்' என்று மனசு வக்கீல் வைக்கும். ராத்திரி மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது என்கிற யோசனைகூட வரும். ஆனால் பந்து காற்றில் இருந்தபோதே உள்ளுக்குள் முஷ்டி மடங்கிவிட்டதல்லவா? அப்போ ஊதுங்க. சத்தமாக ஊதுங்க. மெதுவாக ஊதுகிற விசிலைத்தான் எல்லோரும் எதிர்த்துப் பேசுவார்கள். டேபிளைப் பார்த்து, "வயலேஷன். ஒரு பதில் த்ரோ" என்று சொல்லுங்கள். ரூம்மேட் ஓடி வந்து, "மச்சி, கை தட்டினா என்னடா தப்பு?" என்பான். "நீ எப்போ தட்டினேன்னு உனக்கே தெரியும்" என்பதற்கு மேல் பேச வேண்டாம். விவாதம் பண்ணினால் அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் கோட்டில் நின்று இன்னும் கொஞ்சம் வியர்ப்பான்.

எல்லோரையும் பழைய இடத்தில் நிறுத்துங்கள். ஒரு விரலைக் காட்டுங்கள். பந்தைக் கொடுத்துவிட்டு எண்ண ஆரம்பியுங்கள். அவன் போடுகிறானா, விடுகிறானா என்பது அவன் கவலை.

(அடுத்த வாரம்: பிளாக்கா, சார்ஜா? மோதல் வழக்குகள் ஏதாவது உங்க கிரவுண்டில் தீராமல் கிடந்தால் எழுதி அனுப்புங்க.)